ஒரு வீட்டுக் கிரகணம்

பல்லால் கடித்தது வெட்டியதாகுமா? செல்வகுமாரி இந்தக் கேள்வியை ஆறாவது வருடமாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே யாரிடமும் கேட்டதில்லை. செலியமேட்டில் அவள் அப்படி யோசித்துக்கொண்டிருந்த வீட்டின் மேல் மட்டும் தினமும் காலை எட்டு மணி எட்டு நிமிடத்துக்குக் கிரகணம் பிடித்தது. பதினொன்று பத்தொன்பதுக்கு விட்டது. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பொங்கலன்றும் உண்டு. ஒன்பதரை மணிக்கு அந்தி மாதிரி ஆகிவிடும். கோழிகள் இரண்டாம் முறையாகப் பஞ்சாரத்துக்குள் போய் அடையும். வாசலில் பூவரச மரத்தின் இலைகளுக்கிடையே விழும் வெளிச்சம் பிறை பிறையாகத் தரையெங்கும் கிடக்கும். பக்கத்து வீட்டுக் காசம்மாளின் சுவரில் நிழலும் வெயிலும் சேரும் இடம் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் இருக்கும். அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் காசம்மாள் மிளகாய் காயப்போடுவாள், இந்தப்பக்கம் தயிர்ப்பானையை வைப்பாள்.

அது தொடங்கிய நாளை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாயிரத்து இருபது மே மாதம், ஊரடங்கில் தெருவெல்லாம் கயிறு கட்டிக் கிடந்தபோது, செல்வகுமாரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மேலுதடு இடப்பக்கம் மூக்குவரை பிளந்திருந்தது. வாய்க்குள் அண்ணமும் மூடாமல் திறந்திருந்தது. நர்ஸ் குழந்தையின் முகத்தில் துணியை இழுத்துவிட்டுத்தான் கொண்டுவந்து காட்டினாள். மாமியார் தையலம்மாள் துணியை விலக்கிப் பார்த்தாள். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த மருமகளைத் திரும்பிப் பார்த்து, "அன்னிக்கு இன்னாத்தடி வெட்டுன?" என்று கேட்டாள். "ஒண்ணும் வெட்டல அத்த" என்றாள் செல்வகுமாரி. கத்தியால் வெட்டவில்லை என்பதால் அது பொய்யில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் காலை எட்டு எட்டுக்கு அந்த வீட்டின் மேல் வெயில் மங்கியது.

முதல் வாரம் ஜனம் முகக்கவசத்தோடு வந்து தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் அவரவர்க்கு வேலை இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். பைக்குகளை அந்த வாசலில் நிறுத்தினார்கள், சீட்டு சுடாது என்று. கொம்யூன் பஞ்சாயத்துக்கு யாரோ மனுப் போட, ஒருவர் வந்து அளந்து, "முருங்கை மரத்தினால் ஏற்படும் நிழல்" என்று எழுதி, மரத்தை அகற்றச் சொன்னார். மரத்தை அகற்றினார்கள். மறுநாள் எட்டு எட்டுக்கு வழக்கம்போல் பிடித்தது. அதற்குப் பிறகு யாரும் மனுப் போடவில்லை. முருங்கைக்கீரைக்குத்தான் தையலம்மாள் அடுத்த தெருவுக்குப் போகவேண்டி வந்தது.

அந்த எட்டு எட்டும் பதினொன்று பத்தொன்பதும் எங்கிருந்து வந்தன என்பதில் வீட்டுக்குள் யாருக்கும் சந்தேகம் இல்லை. குழந்தை பிறப்பதற்கு முந்தைய டிசம்பரில், இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை, டிவியில் சொன்ன கிரகண நேரம் அது. அப்போது செல்வகுமாரிக்கு ஐந்தாம் மாதம். ஏழரைக்கே தையலம்மாள் அவளை நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் உட்காரவைத்து, ஜன்னலில் கோணி அடைத்து, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையைப் போட்டு, கத்தி அரிவாள்மணை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொண்டு போனாள். சாப்பிடக்கூடாது, சொறியக்கூடாது, கிள்ளக்கூடாது. கர்ப்பிணி அந்த நேரத்தில் எதை அறுத்தாலும் பிள்ளையின் உதட்டை அறுத்ததுபோல் ஆகிவிடும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவர்கள் கரும்புக் கழனிக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்திருந்தது. லாரி வரப்போரம் நின்றது. வெட்டும் ஆட்கள் கிரகணம் விடட்டும் என்று உட்கார்ந்துவிட, அவள் புருஷன் விஜயராஜ் தானே கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஒன்பதரை மணிவாக்கில் தண்ணீர் குடிக்க வந்தவன் கோணியை லேசாக விலக்கி, "பசிக்குதா செல்வி?" என்று கேட்டு, முழ நீளக் கரும்பு ஒன்றை உள்ளே நீட்டினான். நல்ல பசி. அவள் பல்லால் தோலை உரித்தாள். தோலின் விளிம்பு மேலுதட்டில், இடப்பக்கம், சுருக்கென்று கீறியது. இரத்தத்தைச் சப்பிக்கொண்டே கரும்பு முழுவதையும் தின்று முடித்து, சக்கையை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். கீறல் இரண்டு நாளில் ஆறியது.

குழந்தைக்கு வெண்ணிலா என்று பெயர் வைத்தார்கள். அவளால் மார்பில் பால் குடிக்க முடியவில்லை. பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் ஊற்றினால் பாதி மூக்கு வழியே வந்துவிடும். ஒரு வேளைப் பாலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் செல்வகுமாரி பிளவுக்குள் தெரிந்த ஈரமான சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை எடுப்பது தப்பித்துக்கொள்வது போலிருந்தது. மூன்றாம் மாதம் செய்யவேண்டிய உதட்டு ஆபரேஷன் ஊரடங்கால் தள்ளித் தள்ளி ஏழாம் மாதம் நடந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவப்பிரகாசம் என்பவர் தைத்தார். அதற்கு முன்பு அவர் எல்லாத் தாய்மார்களிடமும் கேட்பதுபோல் அவளிடமும் கேட்டார், கிரகணமா என்று. அவள் தலையைக் குனிந்தாள். அவர் மேசைக் காலண்டரைத் திருப்பிவைத்து வாரங்களை விரலால் பின்னோக்கி எண்ணினார். "இங்க பாரும்மா. உதடு சேர வேண்டியது புரட்டாசி மாசத்துலயே முடிஞ்சுபோன சங்கதி. கிரகணம் வந்தது மார்கழியில. நீ அன்னிக்கு மரத்தையே வெட்டியிருந்தாலும் இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார்.

அவள் சரி சார் என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு லேசாகும் என்று காத்திருந்தாள். பாகூர் ஏரிக்கரை வருவதற்குள் அது வேறு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. புரட்டாசி. அப்படியானால் புரட்டாசியில் நான் என்ன செய்தேன்? அந்த மாதம்தான் அவள் குளியலறையில் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடுகளைப் பார்த்தாள். கல்யாணமாகி நாலு மாதம். பாதியில் நின்ற பி.எட். படிப்பை அடுத்த வருடம் முடிக்கலாம் என்று விஜயராஜ் சொல்லியிருந்தான். அந்தக் கோடுகளைப் பார்த்து அவள் முதலில் நினைத்தது, இப்ப வேணாமே, என்பது. ஒரு நொடிதான். பிறகு சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் உதடு சேரும் வாரத்தில் அந்த நொடி இருந்திருக்கிறது. பல்லால் கடித்ததைக்கூட யாரிடமாவது சொல்லிவிடலாம். இதை எப்படிச் சொல்வது? டாக்டர் சொன்ன மறுநாளும் வீட்டின் மேல் எட்டு எட்டுக்கே இருட்டியது. கிரகணத்துக்குக் காலண்டர் கணக்கு எட்டவில்லை.

ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த விஜயராஜ் திடீரென்று அழுதான். "நான்தான் செல்வி. புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய வூட்ல வச்சிகினு கிரகணத்துல கரும்பு வெட்னன். ஒரு லாரி லோடு. அந்த மனுசங்களே தொடல, நான் வெட்னன்." அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நீ கொடுத்த கரும்புதான் என் உதட்டைக் கிழித்தது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கு இன்னும் கூடும் என்று காரணம் வைத்துக்கொண்டாள். அவன் தன்மேல் பழி போட்டுக்கொண்டபோது தனக்குள் ஒரு ஓரம் அமைதியானதை அவள் கவனித்தாள். அந்த ஓரத்துக்காகவும் சேர்த்துக் குற்றவுணர்வு கொண்டாள். வெளியே வந்த குழந்தையின் உதடு சேர்ந்திருந்தது. அவர்கள் இருவருக்கும் அது யாரோ வேறு வீட்டுக் குழந்தை மாதிரி இருந்தது; பழைய முகத்தைக் காணோமே என்று செல்வகுமாரி இரண்டு நாள் ரகசியமாகத் தேடினாள்.

அண்ணத்தை ஒன்றரை வயதில் மூடினார்கள். பால் மூக்கில் வருவது நின்றது. பேச்சுதான் மூக்கிலேயே தங்கிவிட்டது. "ப" என்று சொல்ல உதட்டில் சேரவேண்டிய காற்று மூக்கு வழியே போய்விட, அது "ம" ஆனது. அதனால் வெண்ணிலா அப்பாவையும் அம்மா என்றே கூப்பிட்டாள். விஜயராஜ் அதற்குப் பழகிப்போய், கழனியிலிருந்து வரும்போது "எந்த அம்மாடி வேணும், கைலி கட்ன அம்மாவா, பொடவ கட்ன அம்மாவா?" என்று கேட்பான். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்து, குழந்தையின் வாய்க்கு நேராக ஏற்றிவைத்து "ப" சொல்லச் சொல்லுங்கள், காற்று வாயில் வந்தால் சுடர் சாயும் என்றாள். பகல் வெளிச்சத்தில் சுடர் சரியாகத் தெரிவதில்லை என்று மற்றத் தாய்மார்கள் சொன்னார்கள். செல்வகுமாரி வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ஒன்பது மணிக்கு மேல் இருவரும் உள்ளறையில் நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வார்கள். சுடர் ஆடாமல் நேராக நிற்கும். "மா" என்பாள் வெண்ணிலா. "பா" என்பாள் இவள். "மா." "பா." பதினொன்று பத்தொன்பதுக்குச் சுடர் வெளிச்சத்தில் கரைந்ததும் ஊதி அணைப்பார்கள்.

அந்த வீட்டில் இன்னொரு ஆளும் எதையோ சுமந்துகொண்டிருக்கிறாள் என்பது செல்வகுமாரிக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. கிரகணத்தன்று பிறந்த ஒரு கன்றுக்குட்டி அவர்கள் கொட்டகையில் வளர்ந்து, பசுவாகி, ஈன்றும் விட்டது. தையலம்மாள் எல்லா மாட்டுப் பாலையும் குடிப்பாள், அதன் பாலை மட்டும் தொடமாட்டாள். கேட்டால், "எனக்கு அது ஒத்துக்கல" என்பாள். ஒருநாள் கொட்டகைக் கூரையை மாற்றும்போது கீற்றுக்கு இடையிலிருந்து, தாளில் சுற்றிய ஒரு பழைய பிளேடு விழுந்தது. தாள், இரண்டாயிரத்துப் பத்தொன்பதின் தினசரிக் காலண்டர், டிசம்பர் இருபத்தாறு. தையலம்மாள் அதைச் சட்டென்று மடியில் செருகிக்கொண்டாள். மருமகளை உள்ளறையில் அடைத்துவிட்டு வெளியே காவல் இருந்த நேரத்தில் மாடு கன்று போட்டிருக்கிறது, தொப்புள்கொடி சுற்றிக்கொண்டு கன்று மூச்சுக்குத் திணறியிருக்கிறது, இவள் அறுத்திருக்கிறாள். செல்வகுமாரி எதுவும் பார்க்காதவள்போல் கீற்றை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மாமியார் கேட்ட அந்த முதல் கேள்வி, உண்மையில் யாரைப் பார்த்துக் கேட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

இந்த வருடம் மாசி மாதத்தில் விஜயராஜின் தங்கை அமுதவல்லிக்கு ஆறாம் மாதம் நடந்தது. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். தினமும் கிரகணம் பிடிக்கிற வீட்டுக்குக் கர்ப்பிணியை எப்படி அழைத்துவருவது? தையலம்மாள் சோறு இறங்காமல் நாலு நாள் கிடந்துவிட்டு, அங்காளம்மன் கோயிலில் குறி சொல்லும் கலியம்மாளிடம் போனாள். கலியம்மாள் வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துச் சொன்னது சிக்கலே இல்லாதது: எவள் வெட்டினாளோ அவள், கிரகணம் பிடிக்கிற நேரத்தில், தன் வாசலில் தெருவைப் பார்த்து நின்று, இன்னது வெட்டினேன் என்று சத்தமாகச் சொல்லவேண்டும், சொன்ன மறுநிமிடம் கிரகணம் வீட்டை விட்டுவிடும், பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை என்று நாளும் குறித்துக் கொடுத்தாள்.

அமுதவல்லியே போனில் பேசினாள். "அண்ணி, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க இல்ல. ஆனா வூட்டுக்காரங்க அனுப்ப மாட்டேங்கறாங்க. எதையாவது சொல்லிடேன். வெண்டைக்கா வெட்னன்னு சொல்லேன், இன்னா இப்ப?" செல்வகுமாரி சிரித்தாள். அமுதவல்லியை அவளுக்குப் பிடிக்கும். பாலாடை பிடிக்கத் தெரியாமல் திணறிய நாட்களில் தினமும் வீடியோ காலில் கூடவே இருந்தவள் அவள். சொல்லிவிடுவது சுலபம்தான். ஒரு வாக்கியம். மாமியாருக்குப் பிளேடு இறங்கும், புருஷனுக்கு லாரி லோடு இறங்கும், எல்லாம் இவள்மேல் வந்து சேரும். சேரட்டும், இத்தனை வருடத்தில் அதற்குத் தோதாக முதுகு வளைந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தைப் பக்கத்தில் நின்று கேட்கப்போகிற ஆளுக்கு ஐந்தே முக்கால் வயது. கண்ணாடியில் உதட்டுத் தழும்பைத் தொட்டு, "இது இன்னாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம், டாக்டர் போட்ட தையல் என்று சொல்லி வைத்திருந்தாள். இனிமேல் அது அம்மா செய்த தப்பு என்று ஆகிவிடும். தன் முகமே ஒருத்தி செய்த தப்பு என்று தெரிந்த பெண் எந்த முகத்தோடு வளர்வாள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் கழனிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் விஜயராஜிடம் சொன்னாள். வரப்பில் உட்கார்ந்து அவன் பிசைந்துகொண்டிருந்தான். "அன்னிக்கு நீங்க குடுத்த கரும்பு, தோலு என் ஒதட்டக் கிழிச்சிடுச்சு. இதே எடத்துல. உங்ககிட்ட சொல்லல. நீங்க அழுதப்பகூட சொல்லல." அவன் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் அவள் உதட்டைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. புரட்டாசியில் நினைத்ததையும் சொன்னாள். அதற்கு அவன் தலையை ஆட்டினான், தானும் அப்படி நினைத்ததுண்டு என்பதுபோல. பிறகு கேட்டான்: "அந்தக் கரும்பு தித்திப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிட ஆரம்பித்தான்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கலியம்மாள் கற்பூரத் தட்டோடு நின்றாள். தெருவில் இருபது முப்பது பேர். "சீக்கிரம் ஆவட்டும். இந்த நெழலு போனா தயிர்ப்பானைய வைக்க எடமில்லாம பூடும்னு நானே கவலையில கீறன்" என்றாள் காசம்மாள். அவள் வீட்டுப் பக்கத்து வெயிலில் ஒரு நாற்காலி போட்டு, இதைப் பார்க்கவென்று வந்திருந்த அமுதவல்லியை உட்காரவைத்திருந்தார்கள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, கோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தாள். எட்டு எட்டுக்குச் சூரியனின் ஓரத்தை எதுவோ கடித்தது. வீட்டின் மேல் வெயில் மஞ்சளிலிருந்து சாம்பலாக இறங்கியது. கலியம்மாள் கற்பூரத்தை ஏற்றினாள். "சொல்லும்மா" என்றாள். வெண்ணிலா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் தன் உதட்டையே பார்ப்பதைக் கவனித்து, கையால் வாயை மூடிக்கொண்டாள்.

செல்வகுமாரி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"மாட்டன்" என்றாள். சத்தமாக இல்லை, முன்வரிசைக்குக் கேட்டிருக்கும்.

"இன்னாடி மாட்டன்? ஊரே நிக்குது. சொல்லுடி, உன் கால்ல வேணா வுழறன்" என்று தையலம்மாள் கிட்டே வந்தாள். செல்வகுமாரி அவள் காதோரம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி, "அன்னிக்கு அந்தக் கன்னுக்குட்டி பொழச்சிச்சு இல்ல அத்த, அது போதும்" என்றாள். தையலம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்து, துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். விஜயராஜ் கலியம்மாளிடம் போய், வெயில் ஏறுவதற்குள் அவளை ஆட்டோவில் வீட்டில் கொண்டுவிடுவதாகச் சொன்னான்.

கற்பூரம் அணைந்தது. ஜனம் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தது. ஒன்றும் ஆகாததால் கலைய ஆரம்பித்தது. "நாற்காலில குந்திகினு எவ்ளோ நேரம்மா, இடுப்பு வுட்டுப்போவுது" என்று சொல்லிக்கொண்டு அமுதவல்லி எழுந்தாள். கோட்டைத் தாண்டி, பிறைகள் கிடந்த வாசலை மிதித்து, உள்ளே வந்து விசிறிக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. காசம்மாள் தயிர்ப்பானையைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தாள்.

உள்ளறையில் செல்வகுமாரி மெழுகுவர்த்தியை ஏற்றி, வெண்ணிலாவை எதிரே உட்காரவைத்தாள். கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. "மா" என்றாள் குழந்தை. "பா" என்றாள் இவள். "மா." "பா." ஒருமுறை சுடர் கொஞ்சம் சாய்ந்தது, ஜன்னல் திறந்திருந்ததால் அது காற்றாகவும் இருக்கலாம். அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தும்போது தையலம்மாள் கதவருகே நின்றிருந்தாள். கையில் ஒரு டம்ளர் பால். கிரகணத்தன்று பிறந்த பசுவின் பால்; பாதி குடித்திருந்தாள்.

"ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும்னாளே. இப்ப இந்த இருட்டு இப்படியேவாடி இருக்கும்?"

"இருந்துட்டுப் போவட்டும் அத்த" என்றாள் செல்வகுமாரி.